ஆந்தைக்கு விட்ட இடம்

மாமாவுக்கு எப்போது கல்யாணம் என்று யாராவது கேட்டால் போதும், அம்மா பெருமூச்சு விடுவாள். "அவன்தான் செத்துப்போன நாட்டைக் கட்டிக்கிட்டு அழுதுட்டிருக்கானே" என்பாள். அந்த நாடு கிழக்கு ஜெர்மனி. மாமா பூனாவை அடுத்த தேஹு ரோடு ராணுவ டிப்போவில் குமாஸ்தா. எங்கள் குவார்ட்டர்ஸில் எங்களோடுதான் இருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தீபாவளிக்குக்கூட இஸ்திரி போடாதவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு ஔந்துக்குக் கிளம்பிவிடுவார். பூனாவின் கிழக்கு ஜெர்மனித் தபால்தலைச் சங்கம் அங்கேதான் கூடியது. நான் கூடப் போனால் மதியச் சாப்பாட்டுக்காவது திரும்பி வருவார் என்று அம்மா என்னையும் அனுப்பிவைப்பாள். அப்படி ஒருநாளும் திரும்பியதில்லை.

சங்கம் என்றால் ஏதோ பெரிய கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். மொத்தமே நாலு பேர். தலைவர் ஒரு மராட்டியப் பெரியவர், அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளவயதில் அச்சு இயந்திரம் பழக அந்த நாட்டுக்குப் போய் ஒரு குளிர்காலம் இருந்துவிட்டு வந்தவர். எல்லோருக்கும் அவர் காகா. மராட்டியில் காகா என்றால் சித்தப்பா மாதிரி. ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மா மட்டும், "பாவம், பெரிய மனுஷரைப் போய்க் காக்காங்கறீங்களே" என்று வருத்தப்பட்டாள். மற்ற இருவரில் ஒருவர் போபோடியில் ஹோமியோபதி டாக்டர், இன்னொருவர் கட்கியில் ஒரு டீச்சர். டாக்டரும் டீச்சரும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதாக எனக்கு நினைவில்லை. ஒரு தபால்தலையின் நிறம் பச்சையா நீலமா என்று ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டார்கள்.

சங்கத்துக்கு ஒரே ஆல்பம், அது காகா வீட்டில் இருந்தது. அந்த நாட்டுத் தபால்தலை ஒவ்வொன்றையும் அதில் சேர்க்க வேண்டும். ஆல்பம் நிறைந்த அன்று சங்கத்தைக் கலைத்துவிட்டு, ஆல்பத்தை ஒரு நூலகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். சங்கம் தொடங்கிய புதிதில் இந்த விதியைப் போட்டவரே காகாதான். அப்போது அந்த நாடு உயிரோடு இருந்தது, மாதாமாதம் புதுத் தலைகளை அச்சிட்டுத் தள்ளியது, ஆல்பமாவது நிறைவதாவது என்று எல்லோரும் சிரித்தார்களாம். திடீரென்று நாடே இல்லாமல் போயிற்று. புதுத் தலைகள் நின்றன. ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றை மட்டும் வேண்டுமென்றே குறைவாக அச்சிடுவது அந்த நாட்டுக்காரர்களின் வழக்கமாம். அந்த அரிய தலைகளையும் மாமாவும் மற்றவர்களும் எங்கெங்கோ அலைந்து ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வந்தபோது ஒரே ஒரு கட்டம்தான் காலி. பறவைகள் வரிசையில் ஓர் ஆந்தை.

அந்த ஆந்தையை ஒட்டப்போவது நான்தான் என்று காகா எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காகவே நான் மாதாமாதம் போனேன். பள்ளியில் எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருந்தேன்.

காகா வீட்டில் மேஜையைச் சுற்றி நாற்காலிகளும் எனக்கொரு முக்காலியும் தயாராக இருக்கும். சுவரில் மாலை போட்ட அவர் மனைவி காகியின் படம். கூட்டம் நடக்கும்போது அமெரிக்காவிலிருந்து மகள் போன் செய்தால், "மீட்டிங் நடக்குது, அப்புறம் பேசு" என்று மராட்டியில் உரக்கச் சொல்லி வைத்துவிடுவார். எவ்வளவு முக்கியமான மனிதர் என்று எனக்குப் பிரமிப்பாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் டாக்டர், ஏதோ ஒரு தலை ஆல்பத்திலிருந்து கழன்றிருக்கிறது என்றார். அதை ஒட்டும் கோந்துத் தாளை எடுக்க நான் உள்ளறைக்கு ஓடினேன். வழக்கமான டப்பா காலி. அலமாரியில் துழாவியதில் ஒரு பழைய ஸ்ரீகண்ட் இனிப்பு டப்பா அகப்பட்டது. அதில் கோந்துத் தாள்களுக்கு அடியில், எண்ணெய்த்தாளில் மடித்து, ஆந்தை உட்கார்ந்திருந்தது.

தபால்தலைப் பட்டியலின் படத்தில் ஆயிரம் தடவை பார்த்த முகம், அதே உருண்டைக் கண்கள். டப்பாவோடு கொண்டுவந்து மேஜைமேல் வைத்தேன். காகாவே மறந்துபோய் எங்கோ வைத்துவிட்டதை நான் கண்டுபிடித்துக் கொடுத்த பெருமையில் எனக்கு மூச்சு வாங்கியது.

டாக்டர் ஆந்தையைப் பார்த்தார், பிறகு காகாவைப் பார்த்தார். காகா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டு வாங்கப்போகும் பிள்ளை மாதிரி இருந்தது அவர் முகம். கடைசியில் பூதக்கண்ணாடியை எடுத்து, அதன் வழியாக வெகுநேரம் பார்த்துவிட்டு, "நக்லீ" என்றார். போலி என்று அர்த்தம்.

டீச்சர் வாங்கிப் பார்த்தார். நிறம் சரியில்லை என்றார். டாக்டர் பாய்ந்து மறுக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ தபால்தலை ஓரத்துப் பற்களும் சரியில்லை என்று கூடச் சேர்ந்துகொண்டார். பற்களை நானே எண்ணினேன், பக்கத்துப் பறவைக்கு இருந்த அதே எண்ணிக்கை. அதைச் சொன்னதற்கு டீச்சர் என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

எனக்கு மிச்சமிருந்தது மாமா ஒருவர்தான். இந்த ஆந்தைக்காகப் பழைய சாமான் விற்கும் ஜூனா பஜாரில் எத்தனை குப்பைப் பெட்டிகளைக் கிளறியவர், எத்தனை ஊர் வியாபாரிகளுக்கு எழுதியவர். பூதக்கண்ணாடியை அவர்தான் எல்லோரையும்விட அதிக நேரம் பிடித்திருந்தார். காது சிவந்துவிட்டது.

"நக்லீதான், காகா" என்றார். ஆந்தையை மறுபடி எண்ணெய்த்தாளில் மடித்து டப்பாவில் வைத்து மூடினார். குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி அவ்வளவு மெதுவாக.

நான் அழுதேன். காகா என் இரண்டு கைகளிலும் மொறுமொறு பாகர்வடியைத் திணித்துவிட்டு, டீ போடப் போகிறேன் என்று சமையலறைக்குப் போனவர் திரும்பிவர நேரமாயிற்று. டாக்டரும் டீச்சரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் வானிலையைப் பற்றிப் பேசினார்கள், அதிலும் ஒத்துப்போனார்கள்.

திரும்பும்போது லோக்கல் ரயிலில் மாமாவிடம் கேட்டேன். "நெசமாவே நக்லீயா மாமா?"

"பின்ன? அச்சாபீஸ்ல இருந்தவரே சொல்லிட்டாரு. ஒங்கம்மைட்ட இதெல்லாம் போய்ச் சொல்லாத, கேட்டியா?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சிரிப்பது கண்ணாடியில் தெரிந்தது. என் ஆசையில் மண் விழுந்திருக்கிறது, இவருக்குச் சிரிப்பு வருகிறது. வீடு வரும்வரை நான் அவரோடு பேசவில்லை.

அடுத்த மாதம் வரமாட்டேன் என்று சொன்னேன், பாகர்வடியை நினைத்துப் போனேன். காகா பால்கனியில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் மாடியிலிருந்தே குனிந்து, வழக்கம்போல இந்தியில் கேட்டார்.

"கிடைச்சுதா?"

"எங்க காகா, இன்னும் கிடைக்கலை" என்று மாமா கீழேயிருந்து கத்தினார்.

காகாவின் முகம் அப்படி மலர்ந்தது. கதவைத் திறக்க உள்ளே ஓடியே போனார். இத்தனை வருஷமாகத் தேடுவது கிடைக்கவில்லை என்றால் இப்படியா சந்தோஷப்படுவார் ஒரு மனிதர்? இந்தியில் ஆந்தையை உல்லு என்பார்கள், முட்டாளுக்கும் அதே பெயர்தான். சங்கத்துக்கு ஆந்தை தேடி வெளியே அலைய வேண்டியதே இல்லை, மேஜையைச் சுற்றி நாலு உட்கார்ந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு நான் படியேறினேன்.