ஆகாரும் ஹாஜராவும்

ஷார்ஜாவை ஒட்டிய அல் குசைஸில் நான் வேலை செய்யும் லாண்டரிக்கு ஹோட்டல் பெட்ஷீட்டுகள் வண்டி வண்டியாக வரும். பெரிய ஷீட்டை ஒருத்தியாக மடிக்க முடியாது. எனக்கு எதிர்முனையைப் பிடித்தவள் ஆப்பிரிக்காவின் கினி நாட்டுக்காரி, மனின்கா இனத்தவள். முஸ்லிம். நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவள். எங்களுக்குள் பேச்சு உடைந்த இங்கிலீஷும் அரைகுறை இந்தியும்தான்.

கதை கேட்டது அவள்தான். ரம்ஜான் மாதம். நீராவியில் நின்று நின்று அவள் உதடு வெடித்திருந்தது.

"ஏதாவது கதை சொல்லு. நோன்பு திறக்கற வரைக்கும் நேரம் போகட்டும்."

நான் சொல்லச் சொல்ல "நாமு, நாமு" என்பாள். நாம் "ம்" கொட்டுவதுபோல அவர்கள் ஊரில் அது. அது வராவிட்டால் கதை சொல்கிறவர் நிறுத்திவிட வேண்டுமாம்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓய்வுநாள் பள்ளியில் கேட்ட கதைகள். தண்ணீர் தீர்ந்த தோல் துருத்தியும் பிள்ளையுமாக வனாந்தரத்தில் அலைந்த ஆகாரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். "ஆபிரகாம் வீட்டில் ஓர் அடிமைப்பெண்" என்றதுமே "நாமு" நின்றுவிட்டது.

"யாரை அடிமைன்னு சொல்ற? அவங்க ஹாஜரா. எங்களுக்கெல்லாம் தாய்."

"எங்க வேதத்துல அப்படித்தான் இருக்கு."

"எங்க ஊர்ல ஒருத்தரை அப்படிச் சொல்லிட்டா அது பேரப்பிள்ளை வரைக்கும் ஒட்டிக்கும். பொண்ணு குடுக்க மாட்டாங்க. அந்த வார்த்தையை எடுத்துட்டுச் சொல்லு."

எடுத்துவிட்டுச் சொன்னேன். என் கதையில் தேவதூதன் தண்ணீர் இருக்கும் இடத்தைக் காட்டினான். அவள் கதையில் தாய் இரண்டு குன்றுகளுக்கு இடையே ஓடினாள். பிள்ளையின் காலடியில் ஊற்று பீறிட்டது. நாங்கள் இருவருமே பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். எந்தக் கதை சரி என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. நோன்பு மாதம் முடிந்த பிறகும் அவள் தினம் கதை கேட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் இதைச் சந்தோஷமாகச் சொன்னேன். கூட்டத்தை நடத்தும் அக்கா நாகர்கோவில்காரர். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டியவர். என் தோழி இரட்சிக்கப்பட வேண்டும் என்று எல்லோரையும் ஜெபிக்கச் சொன்னார். நானும் கண்ணை மூடி "ஆமென்" சொன்னேன். ஒரு முஸ்லிமை மதம் மாற்றப் பார்ப்பது இந்த நாட்டில் குற்றம் என்று அந்த அறையில் தெரியாதவர் இல்லை. ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பாடுவோம்.

சில வாரங்கள் கழித்து ஷார்ஜாவில், ரோலா பஸ் ஸ்டாப்பில் நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தபோது அக்கா வந்தார்.

"இதாக்கும் உன் கூட்டுக்காரி, இல்லியா மக்கா?"

அவள் கையைப் பிடித்து ஒரு மெமரி கார்டை வைத்தார். "உன் பாஷையில கதை" என்று அவளிடம் இங்கிலீஷில் சொன்னார். அதில் இருப்பது பைபிள் கதைகள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது. பஸ் வந்ததும் அவளோடு ஏறிக்கொண்டேன்.

இரண்டு நாள் அவள் வேலைக்கு வரவில்லை. வந்தபோது கண் வீங்கியிருந்தது.

"ஊர்ல எங்க அக்கா பேசற மாதிரியே ஒரு குரல்," என்றாள். "இங்க வந்ததுலேர்ந்து எங்க பாஷையில கதையே கேட்டதில்ல. முதல்ல அழுதுட்டேன். ரூம்ல எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வெச்சேன்."

அவர்கள் நபியாக மதிக்கும் ஈசாவை, எங்கள் இயேசுவை, கடவுளின் மகன் என்று அந்தக் குரல் சொன்னதும், கூட இருந்த உறவுக்காரி போனைப் பிடுங்கியிருக்கிறாள். செய்தி ஊரில் புருஷனுக்குப் போய்விட்டது. மார்க்கம் மாறிவிட்டாயா என்று கேட்டவன், பையனை இவளோடு பேச விடவில்லை.

கார்டை டிஷ்யூவில் சுற்றி என்னிடம் நீட்டினாள். "நீ எனக்குக் கதை சொன்னியா, என்னைப் பிடிக்க வந்தியா?"

"கதைதான் சொன்னேன்."

சொல்லும்போதே நான் சொன்ன ஆமென் நெஞ்சில் குத்தியது.

அக்காவிடம் போய், "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா" என்றேன்.

"நாம சொல்லலேன்னா ஆரு மக்கா சொல்லுவா? விதை விழுந்தாச்சு. பயப்படாத."

"அவ பிள்ளை அவகூடப் பேசலக்கா."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "அதுக்கும் ஜெபிப்போம்" என்றார். அவர் மனதார நம்புகிறவர். கோபப்படவும் என்னால் முடியவில்லை.

அவள் சூப்பர்வைசரிடம் கேட்டு அயர்னிங் பக்கம் போய்விட்டாள். என்னைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் நான் இங்கே இருக்க முடியாது. ஆபீஸிலிருந்து கூப்பிட்டாலே அதற்காகத்தான் என்று பல நாள் நடுங்கியிருக்கிறேன்.

வீட்டில் மெல்ல மெல்லச் சமாதானமாகி, பையன் மறுபடி அவளோடு பேசத் தொடங்கினான் என்று வேறொருத்தி மூலம் அறிந்தேன். பிறகு ஒருநாள் கம்பெனி வேனில் அவளாகவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பையனுக்கு மலேரியா. காய்ச்சல் இறங்கவே இல்ல. உன் சாமிகிட்டயும் சொல்லு." வண்டி கொஞ்ச தூரம் போனது. "உங்க கூட்டத்துல சொல்லாத."

அந்த வெள்ளிக்கிழமை, யாருக்காவது ஜெபக்குறிப்பு உண்டா என்று அக்கா கேட்டார். நான் தலையைக் குனிந்து மனதுக்குள் மட்டும் ஜெபித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் முன் சீட்டிலிருந்து திரும்பி, "இறங்கிடுச்சு, அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். இறைவனுக்கே புகழ் என்னும் அந்த வார்த்தையை நானும் சொன்னேன். சிரித்துவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.