மஞ்சள் மூடிக் குழாய்

மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடாத ஒரு மனிதரை அவருடைய மனைவியிடம் பொய்யராக்கினேன். தெரியாமல் செய்ததல்ல. தவறு என் கையில்தான் நடந்தது என்பது அதைச் சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு அப்போது நான் பொறுப்பாளன். வேதியியல் பட்டம், அதற்குமேல் லேப் டிப்ளமோ, முப்பது வருடத்துக்கு மேல் அனுபவம். சர்க்கரை, கொழுப்பு எல்லாம் நாங்களே பார்ப்போம். வலிப்பு மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் சோதனை மட்டும் சென்னைக்குப் போகும். அந்த அளவை வைத்துத்தான் டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். அதற்கு சிவப்பு மூடிக் குழாயில்தான் ரத்தம் எடுக்க வேண்டும். மஞ்சள் மூடிக் குழாயின் அடியில் ஜெல் இருக்கும். எந்திரத்தில் வைத்துச் சுழற்றினால் அது நடுவில் வந்து நின்று, மேலே தெளிகிற நீரைத் தனியாகப் பிரித்துவிடும். நமக்கு வேலை மிச்சம். ஆனால் நேரம் ஆக ஆக அந்த ஜெல் சில மருந்துகளை உறிஞ்சிக்கொள்ளும். அளவு குறைத்துக் காட்டும். இதைத் தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியவனே நான்.

அந்த மனிதர் வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், இரும்பு உருட்டும் ரோலிங் மில்லில் ஒப்பந்தத் தொழிலாளி. ஒரு சனிக்கிழமை, டாக்டர் சொன்னபடி காலை மாத்திரை போடாமல் வந்து கையை நீட்டினார். சிவப்பு மூடிக் குழாய் தீர்ந்திருந்தது. திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கலாம். வந்தவரைத் திருப்பி அனுப்பினால் முதலாளியிடம் பேச்சு வாங்க வேண்டும். மஞ்சளில் எடுத்தேன். உடனே சென்னைக்குப் போய்விட்டால் பெரிய வித்தியாசம் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று பார்த்து குழாய்களை எடுத்துப்போகும் சென்னை வண்டி வரவில்லை. குழாய் இரண்டு நாள் ஜெல்லோடு ஃபிரிட்ஜில் கிடந்தது. திங்கட்கிழமை அதைக் கொட்டிவிட்டு அவரை மறுபடி கூப்பிட்டிருக்க வேண்டும். அதையே அனுப்பிவைத்தேன்.

மருந்து மிகக் குறைவு என்று ரிசல்ட் வந்தது. வாங்கிப்போக அவர் மனைவி வந்திருந்தார்.

"மாத்திரை ஒழுங்கா போட்டா இப்படி வராதும்மா" என்றேன்.

"நான்தான் சார் தண்ணி மோந்து குடுக்கறேன். என் எதிர்லதான் வாயில போட்டுக்கிறாரு."

"வாயில போடறத பார்த்தீங்க. முழுங்கறத பார்த்தீங்களா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அன்றிலிருந்து அந்த அம்மாள் தினமும் பிள்ளைகள் எதிரிலேயே அவரை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். டாக்டரும் மாத்திரையைக் கூட்டிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து மனைவி அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்தார். அவருக்குக் கால் பின்னியது. நாக்கு குழறியது. கண்மணிகள் ஒரு இடத்தில் நிற்காமல் பக்கவாட்டில் ஓடின.

"இப்ப குடிக்கவும் ஆரம்பிச்சிட்டாரு சார். மில்லு கேட்லயே நிறுத்தி திருப்பி அனுப்பிட்டாங்க. ஊட்ல ரேஷன் அரிசியத் தவிர ஒண்ணுமில்ல. எதுனா பண்ணுங்க சார், உங்க கால்ல விழறேன்."

சொன்னதோடு நிற்காமல் குனிந்தும்விட்டார். நான் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டேன். கணவரிடமிருந்து சாராய வாடையே இல்லை. குடித்தீர்களா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா சார்" என்றார்.

அது குடி இல்லை, மருந்து அளவு மீறியதால் வந்த தள்ளாட்டம். அன்றே ஆட்டோ வைத்து அவர்களைத் திருவள்ளூரில் இருந்த அந்த டாக்டரிடம் கூட்டிப்போனேன். போகிற வழியெல்லாம் அவர் தலை என் தோளில் விழுந்து விழுந்து எழுந்தது. டாக்டரிடம் முதல் குழாயைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. என் பக்கம் திரும்பாமலே மாத்திரையைச் சில நாள் நிறுத்தி, பிறகு பழைய அளவுக்கே கொடுக்கும்படி எழுதினார். அன்று சிவப்பு மூடிக் குழாயில் எடுத்து அனுப்பிய சோதனையில், இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு இருந்தது.

"உங்க வீட்டுக்காரர் ஒரு நாளும் பொய் சொல்லலைம்மா. தப்பு என்னுது" என்று அவர் மனைவியிடம் சொன்னேன். அந்த அம்மாள் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பத்து நாளில் நடை நேரானது. அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். குடிகாரர் என்ற பேரையும் துடைத்துவிட வேண்டும் என்று, லேப் தாளில் கடிதம் எழுதி, முத்திரை வைத்து, தொழிற்பேட்டையில் இருந்த ஒப்பந்ததாரரிடம் நானே கொண்டுபோனேன். இவர் குடித்தவரல்ல, வலிப்பு மருந்து கூடிப்போனதால் தள்ளாடினார் என்று எழுதியிருந்தேன்.

ஒப்பந்ததாரர் இரண்டு முறை படித்தார். "வலிப்பா? எத்தினி வருஷமா?"

"சின்ன வயசிலிருந்து" என்று அதற்கும் பதில் சொன்னேன்.

"குடிச்சிட்டு வந்தா ரெண்டு வாரம் வெளிய நிக்க வச்சிட்டு சேத்துக்குவேன் சார். நாளைக்கி வரச் சொல்லிதான் வச்சிருந்தேன். உலை பக்கத்துல வலிப்பு வந்து வுழுந்தா நான் யாருக்கு பதில் சொல்றது?"

அவர் சொன்னதும் நியாயம்தான். வேறு வேலை, உலைக்குத் தள்ளி ஏதாவது, என்று கெஞ்சிப் பார்த்தேன். சேர்க்கும்போதே மறைத்த ஆளை எங்கேயும் வைக்க மாட்டேன் என்றுவிட்டார்.

நேராக அந்தத் தொழிலாளியின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டி வைத்திருந்தார், மறுநாள் வேலைக்கு. அதை எடுத்து மடித்து வைத்தார்.

"மில்லு கேட்ல குடிச்சேன்னு நான் ஏன் சார் ஒத்துக்கினேன்?" என்றார். "அன்னிக்கி மாத்திரை முழுங்கலன்னு சொன்னீங்க. இன்னிக்கி வலிப்புன்னு சொல்லிட்டு வந்துகிறீங்க. ரெண்டு வாட்டியும் என்னை ஒரு வார்த்த கேக்கல."

அந்தத் தொழிற்பேட்டையில் அதன்பிறகு யாரும் அவரைச் சேர்க்கவில்லை. லேப் வேலையை நான் விட்டுவிட்டேன். அதனால் அவருக்கு ஒரு நன்மையும் வந்துவிடவில்லை. தெரிந்த கடைகளிலெல்லாம் அவருக்காகக் கேட்டேன். எதுவும் கூடிவரவில்லை. இப்போது குடும்பத்தோடு ஊத்துக்கோட்டைப் பக்கம் மாமியார் ஊரில் இருக்கிறார், வயல் கூலிக்குப் போகிறார் என்று கேள்வி. மாதம் ஒருமுறை போன் செய்கிறேன். அவர் மனைவி எடுத்து, "நல்லா கீறாரு சார்" என்கிறார். அவரிடம் கொடுக்கச் சொன்னால் போன் கை மாறுகிற சத்தம் கேட்கிறது. பிறகு போன் நின்றுவிடுகிறது.