சுத்தமான இன்ஜெக்டரோடு காட் ஏறினோம்

போன ஜூலையில் மும்பை செம்பூரிலிருந்து புனேவுக்குக் காரில் போனோம். அங்கே இருக்கும் என் அக்காவுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்தாக வேண்டும், அதன்பின் பழையபடி பேச வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "ஆபரேஷனுக்கு முன்னாடி நேர்ல வா. போன்ல சொல்ற விஷயம் இல்ல," என்று கரகரத்த குரலில் கூப்பிட்டாள். எனக்கு லீவு கிடைத்ததோ ஆபரேஷன் அன்றைக்குத்தான். பகல் பன்னிரண்டு மணிக்கு உள்ளே கொண்டுபோவார்கள்.

எங்களுடையது பதினான்கு வருஷத்துப் பெட்ரோல் கார். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு தாராவியில் வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். மெக்கானிக் முருகேசன் திருநெல்வேலிக்காரர். "ஓட்டத்துல ஒரு கொறையும் இல்லக்கா. ஆனாலும் பழைய வண்டில்லா, காட் ஏறணும், மலைப்பாதை. பெட்ரோல் பீச்சுற இன்ஜெக்டர க்ளீன் பண்ணிட்டா டென்ஷன் இல்ல," என்றார். ஆயிரத்து எண்ணூறு ரூபாய். என் கணவர் ராஜன் உடனே சரி என்றார். எனக்கும் அது தைரியமாகத்தான் இருந்தது.

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். நல்ல மழை. கண்டாலா ஏற்றத்தில் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்து, தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டது. எக்ஸ்பிரஸ்வேயில் கையைக் காட்டினால் எந்த வண்டியும் நிற்காது. இழுவை வண்டி வந்தபோது பத்தரை. அதற்குள் அக்காவே போன் செய்தாள். லாரிச் சத்தம், மழைச் சத்தம், விட்டுவிட்டு வரும் சிக்னல். "கேக்குதாடி?" என்பது மட்டும் காதில் விழுந்தது. "கேக்கலக்கா, இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடுறேன்," என்று கத்தினேன். லைன் கட்டாகிவிட்டது.

லோனாவாலாவில் காரை விட்டுவிட்டு டாக்சி பிடித்தோம். ஆஸ்பத்திரியில் நுழையும்போது மணி ஒன்று. அத்தான் வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தார். "வாசலையே பாத்துட்டு இருந்தாம்மா," என்றார்.

மூன்றாம் நாள் அக்கா கண் திறந்து பார்த்தாள். கழுத்தில் குழாய். "அன்னைக்கு என்னக்கா சொன்ன?" என்று கேட்டேன். வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்து என் கையைத் தட்டிக்கொடுத்தாள். இன்றுவரை எழுதிக்கூடக் காட்டவில்லை.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஸ்டார்ட் ஆகத் திணறினால், நிற்கும்போது உதறினால், மைலேஜ் குறைந்தால் இன்ஜெக்டரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அடைப்பு தெரிந்தால் சுத்தம் செய்யுங்கள். நன்றாக ஓடும் வண்டிக்கு முன்னெச்சரிக்கையாகச் செய்வதில் பெரிய பலன் இல்லை. அந்தப் பணத்தில் ஹோஸ், பெல்ட், கூலன்ட், பேட்டரி பாருங்கள். முருகேசனைக் குறை சொல்லமாட்டேன். ஹோஸைப் பாருங்கள் என்று நாங்களும் கேட்கவில்லை.

ஆனால் போகிற இடத்தில் யாராவது உங்களுக்காகக் காத்திருந்தால், கார் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் முந்தின நாளே ரயில் ஏறிவிடுங்கள். லீவு கிடைக்காவிட்டாலும்.