பச்சை விளக்கை நம்பாத அம்மா

சாந்தன்பாறையில் எங்கள் ஏலக்காய் எஸ்டேட் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் பார்க்க மாதம் ஒருமுறை ஓர் அம்மா வருவார். நரைத்த பின்னல், முழங்கை கிழிந்த ஆம்பளை ஸ்வெட்டர். எங்கள் இணையத்துக்குக் காவலாக ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் ஓடும் ஃபயர்வால் பெட்டி ஒன்று உண்டு. ஒன்று போனாலும் மற்றது ஓட்டட்டும் என்று ஒரே தகவலை இரண்டு டிஸ்க்குகளில் வைத்திருக்கும் அது; அவற்றை இணைக்கும் ரெய்டு கார்டு இரண்டையும் ஒரே டிஸ்க்காகக் காட்டும்; திரையில் எப்போதும் பச்சைதான். அந்த அம்மா அதை ஏறிட்டும் பார்க்க மாட்டார். கட்டளை அடித்து, ஒவ்வொரு டிஸ்க்கின் நிலையையும் கார்டிடம் தனித்தனியாகக் கேட்பார்.

அன்று ஒரு டிஸ்க் செத்திருந்தது.

"சீசன் முடியட்டும், மாத்திக்கலாம். இப்ப எல்லாம் சரின்னு ரிஜிஸ்டர்ல எழுதிருங்க" என்றார் மேனேஜர்.

"எழுத மாட்டேன் சார். மத்ததும் போச்சுன்னா மொத்த ஆபீசும் படுத்துரும்."

"பச்சைதானே காட்டுது?"

"காலைப் பெரட்டுல எல்லாரும் வந்தாச்சுன்னு கங்காணி சொன்னாப் போதுமா சார்? ஆளாளாப் பேர் கூப்பிட வேண்டாமா?"

'டிஸ்க் ஒன்று செத்துவிட்டது' என்று கொட்டை எழுத்தில் எழுதி, ரிஜிஸ்டரை மேனேஜர் பக்கம் திருப்பினார்.

"நீங்களும் கையெழுத்துப் போடுங்க."

போட்டார்.

கங்காணி சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளும் கிளார்க் நான்தான். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், எல்லாரும் வந்தாச்சு என்று கங்காணி சொன்ன பிறகும், முதல்முறையாகத் தலையைத் தூக்கி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டேன். மூன்று பேருக்குப் பதில் வரவில்லை.