மேல்பாதி கறுப்பு

கண் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பொத்தானக்கா என்று பெயர். "வெளிச்சம் தெரிஞ்சா பொத்தான அழுத்துங்க, தெரியலேன்னா சும்மா இருங்க" என்று இருபத்திரண்டு வருஷமாக நாளுக்கு முப்பது தடவை சொன்னவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? ஆள் நேரே பார்த்துக்கொண்டிருக்கும்போது சுற்றுப்புறம் எவ்வளவு தெரிகிறது என்று அளப்பது அவள் வேலை. கண்ணில் அழுத்தம் ஏறினால் பார்வையை ஓரத்திலிருந்து கறையான் மாதிரி அரித்துக்கொண்டு வரும். உரியவருக்கே தெரியாது. படியில் உருண்ட பிறகுதான் தெரியும்.

முன்பெல்லாம் அண்டா மாதிரி ஒரு வெள்ளைக் கிண்ணம் இருந்தது. அதற்குள் முகத்தை நீட்டி, தாடையை ஊன்றி உட்கார வேண்டும். நாலு மாதத்துக்கு முன் தலையில் மாட்டுகிற ஹெட்செட் வந்து இறங்கியது. அதன் கண்ணாடி வழியே எதிர்ச் சுவர், கதவு எல்லாம் தெரியும். அவற்றின் மேலேயே வெளிச்சப் புள்ளிகள் மின்மினி மாதிரி வந்து வந்து போகும். அதைக் கற்றுக்கொடுக்க வந்த கம்பெனிக்காரர்கள் மூன்று பேருக்கும் ஒட்ட வெட்டிய கிராப்பு. தங்கள் தலைகளிலேயே மாட்டிக் காட்டிவிட்டுப் போனார்கள்.

பொத்தானக்காவுக்கு ஒரு நாத்தனார், புருஷனின் தங்கை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வண்டியைவிட வாய் வேகம். அடர்ந்த முடி, முறுக்கிக் கட்டினால் பின்மண்டையில் பந்து போலக் கொண்டை நிற்கும். இருவருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. மாமியார் கண்ணழுத்தத்தால் பார்வை போய், தடவித் தடவியே நடந்து செத்தாள். சாவு வீட்டில் அத்தனை சொந்தமும் பார்க்க நாத்தனார் கேட்டாள்: "ஊர்க் கண்ணையெல்லாம் அளக்கறீங்களே, எங்கம்மா கண்ண அளக்க மட்டும் கை வரலையா?" அன்றோடு அறுந்தது.

போன வாரம் வேன் ஓட்டச் சான்றிதழ் வேண்டுமென்று அதே நாத்தனார் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பொத்தானக்கா மாட்டினாள், பொத்தானைக் கையில் திணித்தாள், படத்தை எடுத்தாள். வெளிச்சம் தெரிந்த இடம் படத்தில் வெள்ளை, தெரியாத இடம் கறுப்பு. இரண்டு கண்ணிலும் மேல்பாதி கறுப்பு. தாய்க்கு இருந்த நோய் மகளுக்கு வராதா என்று பெரிய டாக்டரம்மா, வண்டி ஓட்டக் கூடாது, ஆயுசுக்கும் சொட்டு மருந்து என்று எழுதிவிட்டாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு அறைக் கதவு சுவரில் மோதித் திறந்தது.

"பழி வாங்கிட்டீங்கல்ல அண்ணி?"

ஆறு வருஷம் கழித்து வந்த முதல் 'அண்ணி'. அதுவும் அறை மாதிரி வந்து விழுந்தது.

"என்னடி பழி? மெஷின் காட்டுச்சு, நான் குடுத்தேன்."

"மெஷினா? சாவு வீட்டுல பேசினத மனசுல வச்சு, என் பொழப்புல கை வச்சிட்டீங்க. நாளைலேர்ந்து என் வண்டிய வேற ஒருத்தன் எடுக்கறான்!"

பொத்தானக்காவுக்கு உச்சி கொதித்தது. அவளை எது வேண்டுமானாலும் சொல்லலாம். அவள் எடுத்த படத்தைப் பொய் என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

"உக்காருடி. இப்பவே திரும்ப எடுக்கறேன். கறுப்பு வந்தா வேன் சாவிய என் கையில குடுத்துட்டுப் போகணும்."

"வரலேன்னா?"

"உன் கால்ல விழறேன்!"

கோபத்தில் ஹெட்செட்டை மாட்டி, பின்மண்டை வாரை வெடுக்கென்று இழுத்தாள். "ஐயோ, மண்டையோட பிடுங்கிடாதீங்க!" என்று அலறிய நாத்தனார் கொண்டைக் கிளிப்பைப் பிடுங்கி எறிந்தாள். முடி அவிழ்ந்து இடுப்புவரை விழுந்தது. ஐந்து நிமிஷத்தில் படம் வந்தது. மேல்பாதி பளிச்சென்று வெளுத்திருந்தது.

பொத்தானக்கா திரையையும் நாத்தனார் தலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கொண்டைய கட்டு."

"என்னது?"

"கட்டுடின்னா!"

கட்டினாள். மறுபடி மாட்டியதும் வார் கொண்டைமேல் ஏறி நின்றது. ஹெட்செட்டின் முன்பக்கம் ஒரு விரல் அகலம் மூக்கில் சரிந்தது. மேல்வரிசைப் புள்ளிகள் சட்டத்தின் விளிம்பில் மறைந்தன. மேல்பாதி கறுப்பு.

நாலு மாதத்துப் படங்களை எடுத்துப் போட்டாள். ஒரு தடவை பார்த்த தலை அவளுக்கு மறக்காது. மேல்பாதி கறுத்த படம் வந்த தையல்காரிக்குக் கொண்டை. தையல்காரியின் சின்னம்மா மகளுக்கும் கொண்டை. கணக்கு டீச்சருக்குக் கழுத்தோரக் கொண்டை. இருபத்தாறு பேர். இல்லாத நோய்க்குக் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு, குருடாகப் போகிறோம் என்று அழுதுகொண்டு இருபத்தாறு பெண்கள்.

படங்களை அள்ளிக்கொண்டு டாக்டரம்மா அறைக்குப் போனாள். நாத்தனாரும் பின்னாலேயே போனாள்.

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டாள். "சரி, இனிமே கொஞ்சம் இறுக்கி மாட்டுங்க. பழசக் கிளற வேண்டாம். அடுத்த தடவை வர்றப்போ பாத்துக்கலாம். ஆஸ்பத்திரி பேரு கெட்டுடும்."

"அடுத்த தடவைன்னா ஆறு மாசம்மா."

"மருந்து ஒண்ணும் பண்ணிடாது."

பொத்தானக்கா விறுவிறுவென்று போய் ஹெட்செட்டைக் கொண்டுவந்து, கேட்காமல் கொள்ளாமல் டாக்டரம்மாவின் நரைத்த கொண்டைக்கு மேல் மாட்டினாள். "வெளிச்சம் தெரிஞ்சா அழுத்துங்க. தெரியலேன்னா சும்மா இருங்க."

டாக்டரம்மா நிறைய நேரம் சும்மாவே இருந்தாள். படத்தை அவள் மேசையில் வைத்துப் பொத்தானக்கா சொன்னாள்: "மேல்பாதி கறுப்பும்மா. வெளிய நாலு பேரு ஆப்பரேஷனுக்குப் பட்டினியா காத்துக்கிட்டிருக்காங்க. வேற டாக்டரப் பாக்கச் சொல்லட்டுமா?"

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மாவின் முகம் சிவந்து, வெளுத்து, அப்புறம் தணிந்தது. நாத்தனாரின் சான்றிதழில் கையெழுத்துப் போட்டாள். "எல்லாரையும் கூப்பிடுங்க. அந்தப் பழைய கிண்ணத்துலயே எடுங்க" என்றாள்.

பொத்தானக்கா அறைக்குத் திரும்பி, போனில் முதல் எண்ணை அழுத்தினாள். நாத்தனார் சான்றிதழை மடித்தபடி வாசலில் நின்றாள்.

"கால்ல விழறேன்னீங்க."

"போடி, வேலை கெடக்கு."

நாத்தனார் போகவில்லை. குரலை இறக்கிக் கேட்டாள்: "எங்கம்மாவ இங்க எத்தன தடவ கூப்பிட்டீங்க அண்ணி?"

"ரெண்டு தடவ. வர மாட்டேன்னுட்டாங்க."

"இன்னைக்கு டாக்டரம்மா மண்டையிலயே மாட்டினீங்க. அன்னைக்கு இந்தக் கோபம் எங்க போச்சு?"

வேன் சாவி குலுங்கும் சத்தம் நடைவழியில் தேய்ந்து போனது. மறுமுனையில் தையல்காரி, "அலோ, யாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பொத்தானக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிலேர்ந்தும்மா. இன்னைக்கே கெளம்பி வாங்க. வர முடியாதுன்னு சொன்னீங்கன்னா நானே வந்து கையப் புடிச்சு இழுத்துட்டு வருவேன்."