ஷட்டவுன் வாரத்துக்கு ஒரு கேமரா

ஒரகடத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கோடை விடுமுறை என்று ஒன்று கிடையாது. ஷட்டவுன்தான் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை மெஷின்களைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் போடுவதற்காகக் கம்பெனியை ஒரு வாரம் மூடுவார்கள். மெஷினுக்கு ஓய்வு, அதன் தயவில் நமக்கும் ஓய்வு. நான் வேலை பார்ப்பது கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்க்கும் கம்பெனியில். என் வீட்டுக்காரர் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில். இரண்டையும் ஒரே வாரத்தில் மூடியதாகக் கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கு நினைவில்லை. அவர் வீட்டில் படுத்திருந்தால் நான் லைனில் நிற்பேன். நான் வீட்டில் இருந்தால் அவர் ஓ.டி. பார்ப்பார். போன கோடையில்தான் அந்த அதிசயம் நடந்தது. அதுவும் எங்கள் ஒரே மகள் பிளஸ் டூ முடித்து, நர்சிங் படிக்கக் கோவையில் விடுதிக்குப் போக இருந்த நேரத்தில்.

"மூணு பேரும் ஏற்காடு போய்ட்டு வரலாம்மே" என்றார் அவர்.

"போலாம். ஆனா ஒரு கேமரா வாங்கிக்கினுதான் போவணும்" என்றேன்.

"அதான் போன் கீதே."

போன் இருக்கிறதுதான், யார் இல்லையென்றது? அதன் கண்ணைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் கம்பெனிகளில் கேட்டைத் தாண்டும்போது செக்யூரிட்டி ஒவ்வொரு போனின் கேமரா மேலும் ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்டுவார். உள்ளே யாரும் படம் எடுத்துவிடக் கூடாதாம். வெளியே வந்ததும் பிய்த்துப் போடலாம். தினமும் ஒட்டி, தினமும் பிய்த்து, ஒட்டிக்கொண்ட பசையை இவர் சாவியால் சுரண்டி, அந்தப் போனில் எடுத்த படத்தில் சித்திரை வெயிலில்கூட எங்கள் தெரு மார்கழிப் பனியில் நிற்கும். எனக்கு இந்தத் தொல்லையே வேண்டாமென்று நான் பட்டன் போன்தான் வைத்திருக்கிறேன். மகளிடம் நல்ல போன் இருக்கிறது. ஆனால் அது அவளோடு கோவைக்குப் போய்விடும்.

எனக்கு வேண்டியது படம்கூட இல்லை, அவள் பேச்சு. எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரி முழுக்கத் தேடினாலும் அவளைப்போல் ஒரு வாயாடி கிடைக்க மாட்டாள். தலை பின்னும்போது பேசுவாள், சோற்றை வாயில் வைத்துக்கொண்டு பேசுவாள். ஷேர் ஆட்டோக்காரர் சில்லறைக்குச் சண்டை போடுவதை நடித்துக் காட்டுவாள். நேரில் பார்த்தேயிராத என் சூப்பர்வைசரை, நான் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு அப்படியே பேசிக் காட்டுவாள். ஆனால் எதிரே ஒரு கேமராவைக் காட்டினால் போதும், கை இரண்டும் பக்கவாட்டில் இறங்கிவிடும், முகம் ஆதார் கார்டுக்குப் போய்விடும். அவளாகவே செல்ஃபி எடுத்தால் உதட்டைக் குவித்துக்கொண்டு வேறு யாரோ மாதிரி நிற்பாள். வீடியோ காலில் பேசலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். அதில் அவள் பேசுவது எனக்குத் தெரியும். "சாப்டேன். தூங்கப் போறேன். வெச்சிடவா?" அவ்வளவுதான். அவள் போன பிறகு வீடு எப்படி இருக்கும் என்று நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது. அவள் தன்னை மறந்து பேசுவது கொஞ்சமாவது என் கையில் இருக்க வேண்டும். இதை அவளிடம் சொன்னால் கண்டிப்பாக ஆதார் கார்டு ஆகிவிடுவாள் என்பதால் சொல்லவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. ஒரு வேலையை அவர் கையில் எடுத்தால் விடமாட்டார். கேமரா விமர்சன வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினார். ஷிப்ட் முடிந்து வந்து ஒரு கையில் சோறு, ஒரு கையில் போன். சென்சார் என்றார், லென்ஸ் என்றார், கை ஆடினாலும் படம் ஆடாது என்றார். முதலில் கல்யாண வீட்டில் தோளில் தூக்கிவைத்து எடுப்பார்களே, அந்த அளவுக்கு ஒரு வீடியோ கேமராவில் ஆரம்பித்தார். பிறகு அது கொஞ்சம் சின்னதானது. பிறகு உள்ளங்கையில் அடங்குவதாக ஆனது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். ஒவ்வொன்றும் வாங்குவதென்று முடிவாகும், மறுநாள் காலையில் கம்பெனி பஸ்ஸில் யாரோ ஒரு நண்பர் அதைக் கெடுத்துவிடுவார்.

கடைசியில் மூன்று பேருமாகத் தாம்பரத்துக்குப் போனோம். பக்கத்தில் படப்பையில் கேட்ட கடைகளில் எல்லாம் போன்தான் இருந்தது. தாம்பரத்தில் ஒரு கடைக்காரர், "கேமராவா? இப்போ யாருண்ணா கேமரா வாங்குறாங்க?" என்று கேட்டுக்கொண்டே கண்ணாடி அலமாரியைத் திறந்தார். அவருக்கே தெரியாமல் அதில் நிறைய இருந்தன.

மூன்று பேருக்கும் மூன்று நியாயம். வீட்டுக்காரருக்கு ஜூம் வேண்டும். ஏற்காட்டில் மலை உச்சியிலிருந்து பார்த்தால் சேலம் தெரியுமாம், சேலத்தில் ஒரு ஆளையாவது கிட்டே கொண்டுவந்து பார்த்துவிட வேண்டுமாம். மகளுக்கு, தன் முகம் தனக்கே தெரிகிற மாதிரி மடங்கித் திரும்பும் திரை வேண்டும். நான் ஒரு வீடியோ கேமராவைக் கையில் எடுத்து, மகள் அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரம் பார்த்து, கடைக்காரரிடம் மெல்லக் கேட்டேன்.

"ஓடுறப்போ முன்னாடி லைட்டு எரியுமா?"

"எரியும்க்கா. சேப்பா ஒரு புள்ளி எரியும்."

"எரியாம எடுக்க முடியுமா? எதுருல கீறவங்களுக்குத் தெரியவே கூடாது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார், பாவமாக. "இன்னாக்கா, அண்ணன மாட்டிவுடப் போறியா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஜூம், மடங்கும் திரை, எரியாத லைட்டு என்று மூன்றும் சேர்ந்த ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா கடைசியில் கிடைத்தது. மகள் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மியூசியத்துக்குக் குடுக்கலாம்பா" என்றாள்.

நாங்கள் ஏற்காடு கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள்தான் ஷட்டவுனுக்கு முன் வேலையின் கடைசி நாள். நான் ஷிப்ட் முடிந்து வந்து துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஜோடியாக வைத்தார். அப்போதே தெரிந்துவிட்டது, ஏதோ செய்துவிட்டு வந்திருக்கிறார்.

"கேமரா கம்பெனில மாட்டிக்கிச்சும்மே."

நண்பர்கள் பார்க்க வேண்டும் என்றார்களாம். இவர் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுபோயிருக்கிறார். கேட்டில் வழக்கம்போல் போனை நீட்டி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, பையில் முழுசாக ஒரு கேமராவோடு உள்ளே நடந்திருக்கிறார். போனில் இருக்கும் கடுகளவுக் கேமராவுக்கே ஸ்டிக்கர் ஒட்டுகிற இடத்துக்கு! கேட்டால், "ஸ்டிக்கரு போனுக்குத்தானேன்னு நெனச்சிக்கினேன்" என்கிறார். இத்தனை வருஷமாக ஒட்டி ஒட்டி, எதற்காக ஒட்டுகிறார்கள் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. கேண்டீனில் எல்லோரையும் டீ டம்ளரோடு வரிசையாக நிறுத்தி அவர் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, அதே வரிசைக்குப் பின்னால் செக்யூரிட்டி ஆபீசரும் வந்து நின்றிருக்கிறார். உள்ளே எடுத்த படத்தை எச்.ஆர். பார்த்து அழித்த பிறகுதான் கேமரா வெளியே வருமாம். எச்.ஆர். மதியமே ஊருக்குப் போய்விட்டாராம். ஷட்டவுன் முடிந்துதான் வருவாராம்.

"பிரேக் செய்ற கம்பெனிலதான வேலை செய்றீங்க? ஒங்க கைக்கு ஒண்ணு போட்டுக்கினு வர்றதுதான?" என்று கத்தினேன். அழுகை வந்துவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. நான் எதற்கு அழுகிறேன் என்று மகளுக்குப் புரியவில்லை. "போனா போகட்டும் விடும்மா, என் போன்ல எடுத்துக்கலாம்" என்றாள். எதை எடுப்பது? குவித்த உதட்டையா?

கேமரா இல்லாமலே ஏற்காடு போனோம். உள்ளதைச் சொல்ல வேண்டும், அதைப்போல ஒரு பயணம் எனக்கு அமைந்ததில்லை. சாப்பிட்டோம், படுத்தோம், நடந்தோம். எந்த சைரனும் ஊதவில்லை. வீட்டுக்காரர் குற்றவாளி மாதிரி பின்னாலேயே வந்தார், கேட்பதையெல்லாம் வாங்கித் தந்தார். ஏரிக்கரையில் உடனே பிரிண்டு போட்டுத் தருகிறவர் ஒருவர் எங்களைப் பிடித்து நிறுத்தினார். அந்தப் படத்தில் இவர் தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கிறார், நான் வெயிலை முறைக்கிறேன், மகள் ஆதார் கார்டு.

அதற்குப் பிறகு படகில் ஏறினோம். நடு ஏரியில் அவள் ஆரம்பித்தாள். அப்பாவைக் கேண்டீனில் பிடித்த செக்யூரிட்டி ஆபீசராக மாறிவிட்டாள். துடுப்பைத் தடியாக்கி, அப்பாவை எழுந்து நிற்கச் சொல்லி, பையைச் சோதித்து, எச்சில் தொட்டு அவர் நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்டினாள். "உள்ள இன்னா பாத்த? பாத்ததெல்லாம் மறந்துடணும், புரியுதா?" என்று கட்டைக் குரலில் மிரட்டினாள். படகு ஆடியது. இவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வயிறெரிந்தேன். இதற்காகத்தானே தாம்பரம் வரை அலைந்தேன்! சந்தோஷமாகவும் இருந்தது, அழவும் வேண்டும்போல் இருந்தது, இரண்டும் ஒரே படகில்.

ஷட்டவுன் முடிந்து எச்.ஆர். வந்து, திட்டி, எழுதி வாங்கி, கார்டில் இருந்ததை எல்லாம் அழித்துக் கேமராவைக் கொடுத்தார். அவள் கிளம்பும் நாள் நெருங்கியிருந்தது. ஃபிரிட்ஜ் மேல் டப்பாக்களுக்கு நடுவே அதை ஓடவிட்டு வைத்துப் பார்த்தேன். உள்ளே நுழைந்ததுமே, "அங்க இன்னாம்மா கருப்பா கண்ணு?" என்று நின்றுவிட்டாள். துணி அலமாரியில் வைத்துப் பார்த்தேன். அதையும் கண்டுபிடித்தாள். போதும்டா சாமி என்று கட்டில்மேல் போட்டுவிட்டேன்.

கிளம்புகிற காலையில் நான் புளிசாதம் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் பெட்டிக்குள் துணிகளைச் சுருட்டிச் சுருட்டித் திணித்திருந்தாள். அதற்காகத் திட்டினேன். ஊறுகாய் பாட்டிலைத் துணி நடுவே வைத்ததற்காகத் திட்டினேன். திரும்பிப் பார்த்தால், அவள் கையில் கேமரா.

அந்த வீடியோ இப்போது என்னிடம் இருக்கிறது. அவள் தன் போனில் ஒரு பிரதி ஏற்றிக்கொண்டு, கேமராவை எனக்கு விட்டுப் போயிருக்கிறாள். முழுக்க என் முகம். கரண்டியை ஆட்டிக்கொண்டு, "இன்னாத்துக்குடி என்னப் போய் எடுக்குற?" என்கிறேன். கேமராவுக்குப் பின்னாலிருந்து அவள் பேசுகிறாள்.

"நீ திட்டும்மா, திட்டிக்கிட்டே இரு. அங்க காலைல எழுந்தா என்ன யாரு திட்டுவா? அதான் எடுத்துட்டுப் போறேன்."

பிறகு நிறுத்தவேயில்லை. நான் டப்பா மூடியைத் திருகுவதை கிரிக்கெட் மேட்ச் மாதிரி வர்ணிக்கிறாள், என் சூப்பர்வைசராக மாறி என் புளிசாதத்துக்கு ரிஜெக்ட் போடுகிறாள், சிரிப்பை அடக்க முடியாமல் மூக்கால் சிரிக்கிறாள், நடுவில் அவள் கை ஆடி நான் ஆடுகிறேன். அவள் முகம் அதில் ஒரு நொடிகூட இல்லை. முதல் தடவை பார்த்தபோது, நான் இவ்வளவு கடுகடுப்பாகவா இருக்கிறேன் என்று திகைத்துப்போனேன். இரண்டாம் தடவையிலிருந்து நான் திரையைப் பார்ப்பதில்லை. கேமராவைக் காதோடு வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்கிறேன்.