பாலம்மா கண்டிக்கு வந்த நாள்

ஆறு வருஷமாகச் சிந்துஜா கண்டி டவுனில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறாள். குடியிருப்பது குண்டசாலையில், வாடகை வீட்டில். அந்த வீட்டில் அவளுடைய அம்மா பாலம்மா ஒருநாளும் தலைகாட்டியதில்லை. ஆடு குட்டி போட்டிருக்கிறது என்பாள், முழங்கால் வலி என்பாள், தோட்டத்து லயத்தில் யாரையாவது பொய்யாகச் சாகடிப்பாள். புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் காலமெல்லாம் கொழுந்து பறித்து ஓய்ந்தவளுக்குச் சாக்குச் சொல்ல மட்டும் ஓய்ச்சலே கிடையாது. அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றே சிந்துஜா முடிவு கட்டிவிட்டாள். அந்த எண்ணம் அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

"இந்தத் தடவையும் வரலன்னா தீபாவளிக்கு நானும் வர மாட்டேன்" என்று போனில் வெடித்த பிறகுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலம்மா புருஷன் இருளப்பனோடு பஸ் ஏறினாள். அதுவும் அன்றைக்குப் பின்னேரமே திரும்பிவிடுவோம் என்ற நிபந்தனையோடு. ஒரே ஒரு ராத்திரி அம்மா தன் வீட்டில் தங்கினால் போதும். சிந்துஜாவுக்கு அன்றைக்கு வேறு வேண்டுதல் இல்லை.

நல்ல சாப்பாடு போட்டால் மனசு இளகும் என்று நினைத்து, அவர்களை வியட்நாம் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனாள். வாவிக்கு மேலே, மேட்டு வீதியில், ஒரு பழைய பங்களாவைக் கடையாக்கியிருந்தார்கள். கண்டி இளசுகள் வரிசையில் நின்று சாப்பிடுகிற இடம். கேட்டைப் பார்த்ததும் பாலம்மா நின்றுவிட்டாள். பிறகு இடதுபக்கம் திரும்பி, மதிலோரச் சந்துக்குள் நடந்தாள்.

"அம்மா, வாசல் இந்தப் பக்கம்!"

பாலம்மா திரும்பினாள். "முன்வாசல் வழியாவா?" என்று மெல்லக் கேட்டாள்.

ஒவ்வொரு மேசையிலும் ஒரு சின்ன மணி இருந்தது. யார் அதை அடித்தாலும் பாலம்மா கதிரையிலிருந்து எழுந்து நின்றாள். "வெயிட்டரக் கூப்பிடுற மணிம்மா, உக்காருங்க" என்று சிந்துஜா கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. இருளப்பனுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அவர் முன்னால் கோழி சூப் வந்திருந்தது. "ரசத்துக்குள்ள இடியாப்பத்தப் போட்டுக் குடுத்திருக்கான். பக்கத்துல ஒரு தட்டுப் பச்சத் தழ வேற. இது நமக்கா, ஆட்டுக்கா?" என்றார்.

பாலம்மா கை கழுவ எழுந்தாள். யாரும் வழி காட்டவில்லை. சமையல் நடந்துகொண்டிருந்த குசினியைக் கடந்து, இருட்டிலிருந்த படியைப் பார்க்காமலே தாண்டி, நடையின் கடைசிச் சுவருக்குப் போனாள். பின்னாலேயே சிந்துஜா ஓடினாள். மஞ்சள் பெயின்ட் பூசிய வெறும் சுவர் அது. பாலம்மா அதில் உள்ளங்கையை வைத்தாள்.

"இங்க ஒரு கதவு இருந்துச்சு."

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒம்பது வயசுல என்னைய இந்த வீட்டு வேலைக்கு விட்டாங்க. ஒங்கப்பாகிட்டகூட சொன்னதில்ல. எனக்கு முன்னாலயே நம்ம தோட்டத்துலருந்து செல்லாயின்னு ஒரு புள்ள இருந்தா. காய்ச்சல் கண்டதும் வீட்டுக்கார நோனா அவள இந்த அறைக்குள்ள போட்டு வெளிய தாப்பாப் போட்டுட்டாங்க. நான் குசினியில படுத்திருப்பேன். உள்ளருந்து ரெண்டு தட்டுத் தட்டுவா. நோனா தூங்கிட்டாங்களான்னு கேக்குறான்னு அர்த்தம். தூங்கியிருந்தா நான் தொறந்து தண்ணி குடுப்பேன். ஒருநாள் விடியக்காலம் என்னைய மட்டும் பஸ் ஏத்தி அனுப்பிட்டாங்க. அவ தோட்டத்துக்கு வரவேயில்ல."

சிந்துஜாவுக்கு இப்போதுதான் புரிந்தது. அம்மாவுக்குத் தன்மேல் வெறுப்பு இல்லை, இந்த ஊர்மேல்தான் பயம். அம்மாவின் தோளைத் தொடப் போனாள்.

சுவருக்குள்ளிருந்து இரண்டு தட்டு கேட்டது.

சாப்பாட்டுத் தட்டுகளோடு போன வெயிட்டர் நிற்காமலே, "பழைய பைப் அக்கா, அப்பப்ப தட்டும்" என்றான்.

பாலம்மா சுவரில் வாயை வைத்தாள். "நோனா இப்ப இல்ல செல்லாயி. வெளிய வா."

அதற்குப் பிறகு சத்தமில்லை. பாலம்மா வலது கையைத் தாழ்த்தி, எதையோ பிடித்ததுபோல விரல்களை மூடினாள். சின்னச் சின்ன எட்டாக வைத்து, மேசைகளுக்கு நடுவே நடந்து, முன்வாசல் வழியாகவே வெளியேறினாள். இருளப்பன் அரைக் கோப்பைச் சூப்பை விட்டுவிட்டுத் திருதிருவென விழித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

பஸ் நிலையத்தில் புசல்லாவை பஸ் நின்றது. பாலம்மா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "இன்னைக்கு ஒன் வீட்டுலயே தங்கிக்கிறோம்" என்றாள். ஆறு வருஷ ஆசை நிறைவேறியது. சிந்துஜாவுக்கு அழுகையும் வந்தது, முதுகில் குளிரும் ஏறியது. குண்டசாலை பஸ்ஸில் பாலம்மா ஜன்னல் சீட்டைக் காலியாக விட்டு, பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள். நின்றுகொண்டிருந்த ஒருவர் அங்கே உட்கார வந்தார்.

"ஆள் இருக்கு" என்றாள் பாலம்மா.

வீட்டில் பொழுது சாயும்போதே பாலம்மா பாயை அகலமாக விரித்து, சுவரோரம் இடம் விட்டுப் படுத்தாள். சிந்துஜா அறைக் கதவைச் சாத்தினாள்.

"தாப்பாப் போடாத" என்றாள் அம்மா. "புள்ள பயப்படும்."